கண்டதும் கேட்டதும்

மார்ச் பாதியில் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை, அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒருவகைக் குடும்பப் பயணம் நடக்கும். பிலடெல்பியாவில் பென், நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன், நியூ யார்க்கில் கொலம்பியா, நியூ ஹேவனில் யேல், பிராவிடன்ஸில் பிரவுன், பாஸ்டன் பக்கம் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும். முன் இருக்கையில் அப்பாவும் அம்மாவும், பின்னால் பதினோராம் வகுப்புப் பிள்ளை, பக்கத்தில் வேண்டாவெறுப்பாக வந்த தம்பியோ தங்கையோ. பள்ளிக்கு ஒரு வாரம் வசந்த விடுமுறை. அதற்குள் ஐந்தாறு கல்லூரிகள். எங்கே போனாலும் நடைமுறை ஒன்றுதான். அட்மிஷன் அலுவலகத்தார் அரங்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். பிறகு ஒரு மாணவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார். முடிந்ததும் பெயர் பொறித்த ஸ்வெட்ஷர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்கு இந்த 'காலேஜ் டூர்' ஏறக்குறைய ஒரு சடங்கு. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அதைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்தப் பெற்றோரில் பலர், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் 2018-ல் இணையத்துக்குப் போவதற்கு முந்தைய காலத்தவர்கள். கிண்டிக்கு நேரில் வந்து, கட்-ஆஃப் மதிப்பெண்ணை நம்பி, கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்த இடங்களில் ஒன்றைச் சில நிமிடங்களில் பிடித்தவர்கள். பெட்டி படுக்கையோடு ஹாஸ்டலில் சேரப்போன அன்றுதான் கல்லூரி எப்படி இருக்கும் என்றே பலருக்குத் தெரிந்தது. நமக்கு வாய்க்காதது பிள்ளைக்காவது வாய்க்கட்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் பார்த்துச் சேர்வது, பார்க்காமல் சேர்வதைவிட உண்மையில் எவ்வளவு மேல்? ஒரு வார விடுப்பு, ஹோட்டல் செலவு, மே மாதம் நடக்கும், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுக்கு முன்னால் போகும் படிப்பு நாட்கள் என்று இவ்வளவையும் கொடுத்துக் கைக்கு வருவது என்ன?

இந்தப் பயணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை நான்கு. கல்லூரியின் உண்மை முகம் தெரியும். இடம் கிடைப்பதற்கு உதவும். பிள்ளைக்குத் தன் விருப்பம் பிடிபடும். குடும்பம் ஒன்றுகூடி முடிவெடுக்கும். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம்.

முதல் வாதம்தான் மற்ற மூன்றுக்கும் அடித்தளம். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அது இங்கே அப்படியே பொருந்துவது வியப்பாக இருக்கும். சுற்றில் காணக் கிடைப்பவை: புல்வெளி, பழைய கல் கட்டடம், நூலகத்தின் வாசிப்பறை, யாரும் குடியிருக்காத மாதிரி விடுதி அறை, சாப்பாட்டுக் கூடம், உடற்பயிற்சிக் கூடம், ஆபத்தில் அழைப்பதற்கான நீல விளக்குக் கம்பம். பெண் பார்க்கும் நாளில் கூடத்தில் இருக்கும் அத்தனையும் துடைத்து வைக்கப்பட்டிருப்பதுபோலத்தான் இதுவும். பார்க்க வருபவர்களுக்கென்றே அமைத்தது. காட்சிக்குக் கொடுக்கும் முதலிடம் செலவிலும் எதிரொலிக்கிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2017-ல் தன் உடற்பயிற்சிக் கூடத்தில், ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தின் மூன்று எழுத்து வடிவில், மிதந்தபடி சுற்றிவர ஒரு செயற்கை நீரோடையைத் திறந்தது. சுற்றில் வரும் குடும்பம் அதை மறக்காது. அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கணக்குப் பாடத்தை யார் எடுக்கிறார்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் காட்டப்போவதில்லை.

காணாமல் விட்டுப்போகும் அந்த விஷயம்தான் கனமானது. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014-ல் 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டறிந்தன. பிற்கால வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கும், படித்தது பெயர்பெற்ற கல்லூரியா அரசுக் கல்லூரியா என்பதற்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. தன்மேல் அக்கறை கொண்ட ஓர் ஆசிரியர், படிப்பில் ஆர்வத்தைக் கிளறிய ஓர் ஆசிரியர், கனவைத் தொடரச் சொன்ன ஒரு வழிகாட்டி: இவர்கள் வாய்த்தவர்களிடம்தான் அந்த ஈடுபாடு இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தது. நல்ல வேலை வாய்த்தவர்களே தங்கள் ஆசிரியர்களை நல்லவிதமாக நினைவுகூர்கிறார்கள் என்று இந்த ஆய்வின்மேல் சந்தேகம் எழுப்பலாம். அது நியாயமான சந்தேகம்தான். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், ஆசிரியர் மாணவர் உறவு எப்படி என்பது ஒரு மணி நேர நடையில் கண்ணில் படாது என்பது மாறவில்லை.

காட்சி பொய் சொல்லும் என்பதற்கு அளந்து பார்த்த சான்றே உண்டு. யூரி சைமன்சன் என்ற ஆய்வாளர் 2010-ல் வெளியிட்ட கட்டுரை, படிப்புக்குப் பேர்போன, கேளிக்கைக்குப் பேர்போகாத ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்த 1,284 மாணவர்களைத் தொடர்ந்தது. வந்த நாளில் வானம் வழக்கத்தைவிட மேகமூட்டமாக இருந்திருந்தால் அங்கே சேரும் வாய்ப்பு கூடியது. புள்ளியியல் கணக்கில் ஒரு திட்டவிலக்கம் அளவு மேகம் கூடினால் 9 சதவீதப் புள்ளி உயர்வு. மூட்டமான நாளில் உள்ளே உட்கார்ந்து படிப்பது இன்பமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நான்கு ஆண்டு வாழ்க்கையைப் பற்றிய முடிவில் ஒரு நாள் வானிலை இவ்வளவு பங்கு வகிக்குமென்றால், 'போனதும் மனசுக்குப் பட்டுவிட்டது' என்பதை எந்த அளவுக்கு நம்புவது?

வசந்தத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. வடகிழக்குக் கல்லூரிகளில் மாணவர் தங்கும் காலத்தின் பெரும்பகுதி செப்டம்பர் முதல் மார்ச்வரை. நான்கரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரும் பனி கெட்டிப்பட்ட பிப்ரவரியும் அதில் அடக்கம். மக்னோலியா பூத்த ஏப்ரல் வாரத்தை வைத்து அந்த ஊரை மதிப்பது, மார்கழியில் வந்து சென்னையின் தட்பவெப்பத்தை முடிவுசெய்வதற்குச் சமம். இதற்கு நேரெதிரான விபத்தும் உண்டு. பள்ளியின் வசந்த விடுமுறையும் கல்லூரியின் வசந்த விடுமுறையும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டால், மாணவரே இல்லாத வளாகத்தைப் பார்த்து 'உயிர்ப்பில்லை' என்று திரும்புகிறார்கள்.

காதால் கேட்பது இதைவிடக் கொஞ்சம் தேறும் என்று எண்ணினால், ஹார்வர்டு முற்றத்திலிருக்கும் சிலையிடம் கேட்கலாம். பீடத்தில் 'ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638' என்று பொறித்திருக்கிறது. கல்லூரி தொடங்கிய ஆண்டு 1636. ஜான் ஹார்வர்டு நிறுவனர் அல்லர். நூல்களும் செல்வமும் விட்டுச்சென்ற கொடையாளி. அவருடைய உருவப்படம் எதுவும் இல்லாததால், சிற்பி டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் 1884-ல் வேறொருவரின் முகத்தை வைத்து வடித்தார். 'மூன்று பொய்களின் சிலை' என்று அங்கேயே அதற்குப் பெயர். அந்த வேடிக்கையையும் சேர்த்தே வழிகாட்டிகள் சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பக்கத்து வைடனர் நூலகத்தைப் பற்றிய கதை அப்படி அல்ல. 1912-ல் டைட்டானிக்கில் இறந்த மகனின் நினைவாக நூலகம் கட்டிக்கொடுத்த தாய், மாணவர் அனைவரும் நீந்தக் கற்றாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார் என்பார்கள். அப்படியொரு நிபந்தனை இருந்ததே இல்லை. இருந்தும் கதை தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு நினைவில் நிற்கும்படி ஏதாவது வேண்டும். கதை நிற்கும், பட்டம் முடிப்போர் விகிதம் நிற்காது.

எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் வழிகாட்டியின் கையில் மட்டும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திவந்த வழிகாட்டிகள் சங்கத்தின் சுற்றுகளை நிர்வாகம் 2024-ல் நிறுத்திவைத்தது. ஒழுங்காக வருவதில்லை, தரம் சீராக இல்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அதற்கு முன்பே, பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜெஃபர்சனைப் பற்றியும் அதைக் கட்டி எழுப்பிய அடிமைகளின் உழைப்பைப் பற்றியும் வழிகாட்டிகள் பேசும் விதத்தை, முன்னாள் மாணவர் குழு ஒன்று விடாமல் குறைசொல்லி வந்தது. இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்பது வாதத்துக்குரியது. சுற்று என்பது நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பேச்சு, அதை யார் பேசுவது என்பதில் அதற்கு அக்கறை உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆக, முதல் வாதம் தேறவில்லை.

இரண்டாவது வாதம்: நேரில் போனால் இடம் கிடைப்பதற்கு உதவும். இதில் பாதி உண்மை உண்டு. சில கல்லூரிகள், இடம் கொடுத்தால் இந்த மாணவர் வருவாரா என்று கணக்குப் போட, அவர் காட்டிய ஆர்வத்தையும் பதிந்துகொள்கின்றன. வளாகத்துக்கு வந்துபோனது அதில் ஒன்று. ஆனால் யேலும் எம்.ஐ.டி.யும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களும் எடுப்பதில்லை. எந்தக் கல்லூரி எடுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் காரில் போகத் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்னும் பொதுத் தரவுத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. எந்தப் பெயர்களுக்காக இந்தக் குடும்பங்கள் அதிகம் அலைகின்றனவோ, அவற்றில் பெரும்பாலானவற்றில் அலைச்சலுக்கு மதிப்பெண் இல்லை. எடுத்துக்கொள்ளும் கல்லூரிகளிலும், இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்வதும் ஊர்ப் பள்ளிக்கு வரும் அலுவலரைச் சந்திப்பதும் ஆர்வக் கணக்கில் சேரும்.

மூன்றாவது வாதத்துக்கு மதிப்பு இருக்கிறது. பதினாறு வயதில், தனக்குப் பெரிய இடம் ஒத்துவருமா சிறிய இடமா, நகரமா சிற்றூரா என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விடை வராது. நின்று பார்த்தால்தான் வரும். ஆனால் அதற்கு ஐந்தாறு புகழ்பெற்ற பெயர்கள் தேவையா? மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஒரே ஊரில், 2,000-க்கும் குறைவான மாணவர் படிக்கும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும், 20,000-க்கும் மேற்பட்ட இளநிலை மாணவர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பக்கத்து ஊர்களில் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் என்ற இரு மகளிர் கல்லூரிகள். ஒரு கல்லூரி மாணவர் இன்னொன்றில் பாடம் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. இத்தகைய ஓர் ஊரில் ஒரு நாள் நடந்தால் கிடைக்கும் தெளிவு, நெடுஞ்சாலையில் ஒரு வாரம் ஓடினாலும் கிடைக்காது. மற்ற மாநிலங்களிலும் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகமும் ஒரு சிறு கல்லூரியும் பலருக்கு எட்டிவிடும்.

மாறாக, பெயர்களைத் தேடிப் போகும் பயணம் பிள்ளையிடம் உண்டாக்குவது தெளிவைவிட ஏக்கத்தையே. ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் 100 பேரில் இடம் கிடைப்பது ஏறக்குறைய 4 பேருக்குத்தான். அந்த முற்றத்தில் படமெடுத்துக்கொண்டு, ஸ்வெட்ஷர்ட்டும் வாங்கிவிட்ட பிள்ளைக்கு அடுத்த மார்ச்சில் வரும் மறுப்பு, பார்க்காதவருக்கு வருவதைவிடக் கூடுதலாக வலிக்கும். தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னும் கைக்கு வராதபோதே தேர்ந்தெடுக்கும் மனநிலையை ஊட்டுவதுதான் பதினோராம் வகுப்பு வசந்தப் பயணத்தின் அடிப்படைக் கோளாறு.

நான்காவது, குடும்பம் கூடிப் பேசும் என்பது. 1999-ல் ஒளிபரப்பான 'தி சோப்ரானோஸ்' தொடரின் புகழ்பெற்ற அத்தியாயம் ஒன்றில், மெய்ன் மாநிலக் கல்லூரிகளைப் பார்க்க மகளை அழைத்துப்போகும் தந்தையிடம், ஓடும் காரில் அவள் கேட்கிறாள்: நீங்கள் மாஃபியாவா? வீட்டில் ஒருநாளும் எழாத கேள்வி காரில் எழும் என்பதை அந்தக் கதை சரியாகவே பிடித்திருந்தது. நம் குடும்பங்களிலும் பிள்ளை 'எனக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டாம், வரலாறுதான்' என்று முதலில் வாய்திறக்கும் இடம் பின் இருக்கையாக இருக்கக்கூடும். இது உண்மையான ஆதாயம். குறைத்து மதிக்கக் கூடாது. ஆனால் காரில் எல்லாம் பேசுபவர்கள் பணத்தை மட்டும் பேசுவதில்லை. பல தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு மொத்தச் செலவு 90,000 டாலரைத் தொட்டுவிட்டது. எல்லாரும் அதைக் கட்டுவதில்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். எவ்வளவு குறையும் என்று தோராயமாகச் சொல்ல ஒவ்வொரு கல்லூரியும் இணையத்தில் ஒரு கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டக் கட்டாயம். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் கிளம்பி, பிள்ளை மனதைப் பறிகொடுத்த பிறகு, 'அது நமக்குக் கட்டாதும்மா' என்று ஓராண்டு கழித்துச் சொல்லும் தந்தை, பேசவேண்டியதைத் தலைகீழ் வரிசையில் பேசுகிறார்.

பெயருக்காகக் கடன்பட வேண்டுமா என்பதற்கும் ஆய்வு உண்டு. பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் காட்டியது இது: ஒத்த தகுதியோடு ஒத்த கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், பெயர்பெற்றதற்குப் போனவர்களும் அதைவிட எளிதாகக் கிடைக்கும் கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஈட்டியதில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு விதிவிலக்கு: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் உண்மையாகவே உதவியது.

அந்த விதிவிலக்கு இந்தச் சடங்கின்மேல் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது: காரில் யார் இல்லை? ஆர்க்கன்சா மாநிலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச்சென்று பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்று வந்தவர்களுக்குக் கல்லூரி பற்றிய அறிவு தெளிவாகக் கூடியிருந்தது. வீட்டில் யாரும் கல்லூரி பார்த்திராத பிள்ளைக்கு, வளாகத்தில் கால் வைப்பதே ஒரு செய்தி. அப்பாவும் அம்மாவும் முதுநிலைப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. பார்வையால் பயன்பெறக்கூடியவரிடம் பயணச்செலவு இல்லை; செலவு செய்ய முடிந்தவருக்குப் பார்வையால் பெரிய பயன் இல்லை.

எப்படியோ வந்துசேர்ந்தாலும் எல்லாரையும் ஒரே மாதிரி வரவேற்பதும் இல்லை. 2018 ஏப்ரல் 30 அன்று, நியூ மெக்சிகோவிலிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்தார்கள் இரு சகோதரர்கள். மோஹாக் பழங்குடி இளைஞர்கள். சேமித்த பணத்தில், குடும்பத்தின் ஒரே காரில் வந்தவர்கள். அதே சுற்றில் இருந்த ஒரு தாய், இவர்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று காவலர்களை அழைத்தார். காவலர்கள் இருவரையும் தனியே நிறுத்தி விசாரித்து விடுவதற்குள் சுற்று முன்னே போய்விட்டது. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அந்தக் கூட்டத்தில் கல்லூரியின் உண்மை முகத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள் என்றால், அது அந்த இருவர்தான்.

இனி தீர்ப்பு. புகழ்பெற்ற பெயர்களை வரிசையாகச் சுற்றிவரும் பதினோராம் வகுப்பு வசந்தப் பயணம், கல்லூரியை அறியும் வழியாகத் தோற்றுவிடுகிறது. குடும்பப் பயணமாக இனிமையாக இருக்கலாம். அதற்காகப் போவதானால் அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். செலவழிக்க ஒரு வாரமும் கொஞ்சம் பணமும் இருந்தால், அவற்றுக்கு உரிய இடம் அடுத்த ஆண்டு ஏப்ரல். மார்ச் முடிவில் பதில்கள் வந்துவிடும். பொதுவாக மே 1-க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் அந்த நான்கு வாரத்தில், இடம் கொடுத்த கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே ஊசலாடும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் போகலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: மேகம் ஏப்ரலிலும் மூடும், சைமன்சனின் ஆய்வு அங்கும் பொருந்தும். பொருந்தும்தான். ஆனால் அப்போது ஓரிடத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை நாள் கொடுக்க முடியும். கேட்கும் கேள்வியும் கூர்மையாக இருக்கும். புதிதாக இடம் கிடைத்தவர்களுக்கென்று நடத்தும் கொண்டாட்ட நாளைத் தவிர்த்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போகலாம். சேர நினைக்கும் துறையின் முதலாண்டு வகுப்பில் பின்வரிசையில் உட்காரலாம். வழிகாட்டி அல்லாத இரண்டு மாணவர்களிடம், உங்கள் பெயர் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்கலாம். தீர விசாரிப்பது என்பது இதுதான். இரண்டாவது மறுப்பு வலுவானது: நவம்பரிலேயே விண்ணப்பித்து, கிடைத்தால் கட்டாயம் சேர்ந்தாக வேண்டிய 'எர்லி டிசிஷன்' வழியில் போகிறவருக்கு ஏப்ரல் என்பதே இல்லை. அவர் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். ஆனால் அந்த ஒரே கல்லூரியை, முடிந்தால் வகுப்புகள் நடக்கும் அக்டோபரில்.

கல்லூரிகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வில்லியம்ஸ் கல்லூரியைப்போலச் சில நிறுவனங்கள், வசதி குறைந்த மாணவர்களைத் தங்கள் செலவிலேயே வரவழைத்து, உடன் தங்கவைத்து, வகுப்பிலும் உட்காரவைக்கின்றன. வளாகப் பார்வைக்கு உண்மையான விளைச்சல் உள்ள இடம் அதுவே. நீரோடைக்கும் மாதிரி அறைக்கும் போகும் தொகையில் ஒரு பகுதி அங்கே திரும்பினால், தானாகவே வரக்கூடியவர்கள் இழப்பது ஒன்றுமில்லை. வரமுடியாதவர்களுக்கோ ஒரு கல்லூரியே கிடைக்கும்.